ஜி. டி. நாயுடு: ஒரு பட்டறைக்காரர் மகனின் பார்வையில்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

மாமனிதர்களின் வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் மலை உச்சியிலிருந்து தொடங்குவர். அவர்கள் பெற்ற புகழையும் ஈட்டிய பொருளையும் முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே அடிவாரத்துக்கு இறங்கி வருவர். நானோ கோவை தந்த தொழில் மேதை ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது, ஒரு பழைய வேனின் அடியில் மல்லாந்து படுத்து நான் செய்த பிழை ஒன்றினால். எனவே அந்த வேனின் அடியிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

சொட்டு எண்ணெய்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்ட சிறு பட்டறை ஒன்று என் தந்தையாருடையது. லாரி, வேன், டிராக்டர் என்று டீசலில் ஓடும் எதுவும் அங்கே பழுது பார்க்க வரும். வண்டி வந்து நின்றதும் அப்பா ஓட்டுநரிடம் எதுவும் கேட்கமாட்டார். முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் தரையைப் பார்ப்பார். தண்ணீர் சொட்டினால் ஒரு நோய். டீசல் சொட்டினால் ஒரு நோய். கறுத்த எண்ணெய் சொட்டினால் வேறொரு நோய். வைத்தியர் நாடி பார்ப்பது போல அவர் தரையைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

என் தாத்தா மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டிய கொல்லர். அப்பா எட்டாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மதிப்பெண்ணுக்கு ஏற்பக் கிடைத்த பாடம் தாவரவியல். பட்டறைக்கு வரும் ஓட்டுநர்கள், இஞ்சின் பிரிப்பவர் மகன் இலையைப் பிரிக்கப் போயிருக்கிறான் என்று கேலி பேசுவார்கள். நானும் உடன் சிரிப்பேன். ஆனால் அந்தக் கேலி உள்ளே எங்கேயோ தைத்துக்கொண்டே இருந்தது.

சென்ற ஆடி மாதம், ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அப்பா கண்புரை அறுவைக்காக மதுரை சென்றிருந்தார். துணைக்கு இருந்த கைவேலைப் பையனும் திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டான். அப்போது, பால்கோவாக் கடைகளுக்குப் பால் கொண்டுவரும் பழைய டீசல் வேன் ஒன்று எண்ணெய் கசிகிறது என்று வந்து நின்றது. விடிவதற்குள் வண்டி ஓடவேண்டும். நான் துணிந்து பொறுப்பேற்றேன்.

இயந்திரத்தின் அடிவயிற்றில் தொட்டி போன்ற ஒரு தகட்டுப் பாத்திரம் இருக்கும். பட்டறையில் அதைச் 'சம்ப்' என்போம். உராயும் பாகங்களுக்கு ஊட்டும் எண்ணெய் அதில்தான் தங்குகிறது. எண்ணெய்ப் பம்பு அங்கிருந்து உறிஞ்சி மேலே அனுப்ப, அது பேரிங்குகளை நனைத்துவிட்டு மீண்டும் தொட்டியிலேயே வந்து விழும். தொட்டியின் விளிம்பும் இயந்திரத்தின் அடிப்பகுதியும் இரும்போடு இரும்பாக எவ்வளவு நெருங்கினாலும் மயிரிழை இடைவெளி இருக்கவே செய்யும். சூடேறி இளகிய எண்ணெய்க்கு அந்த மயிரிழை போதும். அதை அடைக்கத்தான் இரண்டுக்கும் நடுவில் தக்கையால் செய்த சட்டம் ஒன்றை வைக்கிறோம். அதுவே 'கார்க் பேக்கிங்'. இப்போது வரும் பல வண்டிகளுக்கு வார்த்த ரப்பர்ச் சட்டமும் சிலிகான் பசையும் வந்துவிட்டன. ஆயினும் பழைய வண்டிகளும் டிராக்டர்களும் உள்ளவரை தக்கைக்கும் வேலை உண்டு.

நான் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தேன். புதியதை வைத்தேன். இறுக்கினால்தானே கசியாது என்ற எண்ணத்தில் நீண்ட கைப்பிடி ஸ்பானரைப் போட்டு ஒவ்வொரு போல்ட்டையும் என் முழுப் பலத்தோடு முறுக்கினேன். இரவு பதினோரு மணிக்கு வேலை முடிந்தபோது, இனி அப்பா இல்லாமலும் இந்தப் பட்டறை நடக்கும் என்று பெருமிதம் கொண்டேன்.

மறுநாள் மதியம் வேன் திரும்பி வந்தது. அது நின்ற இடத்தில் அப்பாவின் கண் இல்லாமலேயே யாரும் பார்க்கக்கூடிய அளவுக்கு எண்ணெய். பாதித் தொட்டி காலி. இன்னும் சில மைல் ஓடியிருந்தால் பேரிங் பிடித்து இயந்திரமே போயிருக்கும். வண்டிக்காரர் நாலு பேர் முன்னிலையில் கடிந்து பேசினார். அவர்மேல் குற்றமில்லை. அன்றாடம் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறேனே என்று தோன்றிற்று. இரண்டு ஆண்டுகளாகப் பட்டறையிலேயே நின்றிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திராது. கல்லூரியோ பேக்கிங் வைக்கக் கற்றுத்தரவில்லை. அப்பாவுக்கு வயதாகிறது, கண் மங்குகிறது. படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்குத் துணையாக ஒரு பெயர் நினைவுக்கு வந்தது: ஜி. டி. நாயுடு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், மேதையானவர். அவர் வாழ்க்கையைக் காட்டி அப்பாவிடம் வாதாடலாம் என்று எண்ணியே கல்லூரி நூலகத்தில் அவரைப் பற்றிய நூல்களைத் தேடினேன். வாதத்துக்குப் படிக்கத் தொடங்கியவன் வேறு ஒன்றைக் கற்றுக்கொண்டு எழுந்தேன். அதுவே இனி வரும் பகுதி.

கலங்கல் கிராமத்துச் சிறுவன்

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோபால்சாமி நாயுடு என்னும் உழவரின் மகனாகத் துரைசாமி பிறந்தார். தாயை மிக இளமையிலேயே இழந்தார். பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை; அவரும் பள்ளிக்குப் பிடித்தவராக இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தந்தையின் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்தார்.

அவ்வூர்ப் பக்கம் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைச் சிறுவர் பலரும் பார்த்திருப்பர். எல்லோரும் வியந்துவிட்டு வீடு திரும்ப, துரைசாமிக்கு மட்டும் அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி நெஞ்சில் தங்கிவிட்டது. கேள்விக்கு விடை வண்டிக்குள்தான் இருக்கிறது. வண்டியைத் திறக்க வேண்டுமானால் அது தமக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். ஊரை விட்டுக் கோவைக்கு வந்து உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1912ஆம் ஆண்டு மாடல் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

வாங்கியவர் ஊர்வலம் போகவில்லை. அதை முழுவதும் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பிரித்ததைப் பூட்டி ஓட்டத் தெரிந்தபோது அவர் ஒரு மெக்கானிக் ஆகியிருந்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சற்றே நாணமாக இருந்தது. பள்ளியை விட்டார் என்பதை மட்டும் நான் இத்தனை நாள் நினைவில் வைத்திருந்தேன். ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக ஆண்டுக்கணக்கில் எச்சில் இலை நடுவே நின்றார் என்பதை மறந்திருந்தேன். பள்ளியை விடுவது எளிது. ஒரே நாளில் விட்டுவிடலாம். அந்த உழைப்பு அல்லவா கடினம்!

விழுந்தவர் எழுந்த கதை

முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பஞ்சு அரைவை நடத்திப் பொருள் ஈட்டினார். நம் கரிசல் பகுதி மக்களுக்குப் பருத்தி தரும் ஏற்றமும் தெரியும், இறக்கமும் தெரியும். ஈட்டியதைக் கொண்டு பம்பாய்ப் பஞ்சு வாணிகத்தில் புகுந்தார். அங்கே பெரிய முதலாளிகளோடு போட்டியிட இயலாமல் ஈட்டியதை இழந்தார்.

இழந்தவர் கோவைக்குத் திரும்பி, மோட்டார் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரை நாடினார். இளைஞரின் கைத்திறனைக் கண்ட ஸ்டேன்ஸ் அவருக்குப் பேருந்து ஒன்று கிடைக்க உதவினார். 1920ஆம் ஆண்டு அந்த ஒற்றைப் பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே.

பிற்காலத்தில் யு.எம்.எஸ். என்று மக்கள் அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனம் இதிலிருந்து வளர்ந்தது. 1933ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தில் 280 பேருந்துகள் இருந்தன. அன்றைய இந்தியாவில் இவ்வளவு செம்மையாக நடந்த பேருந்து நிறுவனங்கள் மிகச் சிலவே. இயந்திரத்தின் அதிர்வைச் சோதித்துக் கோளாறு அறியும் கருவி, பயணச்சீட்டு வழங்கும் கருவி என்று தம் தொழிலுக்குத் தேவையானவற்றைத் தாமே உருவாக்கிக்கொண்டார்.

பிறர் இந்த 280 என்ற எண்ணைச் செல்வத்தின் அளவாகப் படிப்பர். பட்டறைக்காரர் மகனுக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. 280 பேருந்துகள் என்றால் 280 இயந்திரங்கள்; 280 எண்ணெய்த் தொட்டிகள்; அவற்றின் விளிம்பில் ஆயிரக்கணக்கான போல்ட்டுகள். அக்கால வண்டிகளில் தக்கையும் தோலும் தாளுமே கசிவைத் தடுத்தன. புழுதிச் சாலையில் நாள் முழுதும் குலுங்கி ஓடும் வண்டிகள் மறுநாள் காலை நேரம் தவறாமல் புறப்பட வேண்டுமானால், முந்தின இரவு யாரோ ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றின் அடியிலும் தரையைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கவனமே அவருடைய உண்மையான முதல். ஒரு வேனின் பேக்கிங்கை ஓர் இரவில் கெடுத்துவிட்டுத் தொழில் தெரிந்துவிட்டது என்று எண்ணிய நான் எங்கே, அவர் எங்கே!

இயந்திரமும் செடியும்

பேருந்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1937ஆம் ஆண்டு டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். சிறு பேட்டரியில் இயங்கும் 'ரேசன்ட்' என்னும் மின் சவரக் கருவி அவருடையது. மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மாற்றி எழுத முடியாதபடி வாக்குகளைப் பதியும் இயந்திரம் என்று அவர் கை வைத்த துறைகள் பல. 1941ஆம் ஆண்டில் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார்; அரசின் உரிமம் கிடைக்காததால் அது நின்றுபோயிற்று.

என்னைத் திடுக்கிட வைத்த செய்தி இவற்றில் எதுவும் அன்று. இந்த இயந்திர மனிதர் செடி வளர்ப்பிலும் ஆய்வாளராக இருந்தார் என்பதே அது. பருத்தி, பப்பாளி, சோளம் ஆகியவற்றில் அவர் தம் தோட்டத்தில் ஆய்வுகள் செய்தார். வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து வளரும் பருத்திச் செடிகளை வளர்த்தார். அறிஞர் சர் சி. வி. ராமனும் பொறியியல் மேதை விஸ்வேஸ்வரய்யாவும் அந்தத் தோட்டத்தைக் கண்டு சென்றனர்.

இஞ்சின் பிரிப்பது வேறு, இலை பிரிப்பது வேறு என்று ஓட்டுநர்கள் என்னைக் கேலி செய்தார்கள் அல்லவா? ஜி. டி. நாயுடுவுக்கு அந்த வேறுபாடே இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் பார்த்து எழுந்த அதே கேள்விதான் பருத்திச் செடியைப் பார்த்தும் எழுந்திருக்கிறது. எனக்கும் பட்டறைக்கும் நடுவில் சுவர் இருப்பதாக நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பள்ளியை விட்டவர் கட்டிய கல்லூரி

நான் வாதத்துக்காகத் தேடிய செய்தி இறுதியில் வந்தது. ஆனால் எனக்கு எதிராக வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற அவரே தம் பொருளையும் உழைப்பையும் தந்து, கோவையில் தொழிற்கல்வி நிலையம் அமைய வழி செய்தார். அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் 1945ஆம் ஆண்டில் அது தொடங்கிற்று. அதன் முதல்வர் பொறுப்பிலும் அவரே அமர்ந்தார். இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது அதன் வளர்ச்சியே.

அங்கே அவருக்கும் அரசுக்கும் கருத்து வேற்றுமை எழுந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது. இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. பாடத்திட்டங்களையும் மாற்றித் தர முன்வந்தார். அன்றைய ஆங்கில அரசு இதை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார்.

இச்செய்தியைப் பலமுறை படித்தேன். படிப்பு வேண்டாம் என்று அவர் சொன்னதாக எங்கும் இல்லை. படிப்பு எத்தனை ஆண்டு, எப்படி என்பதே அவர் வழக்கு. கற்பதற்கு ஓர் இடம் தமக்கு இளமையில் வாய்க்கவில்லை. பிறருக்கு வாய்க்கட்டும் என்று கட்டிக் கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லிக் கல்லூரியை விட்டு ஓட நினைத்தது அவருக்கு நான் செய்யவிருந்த அவமதிப்பு.

காலத்தைப் பற்றி அவர் கொண்ட கருத்தில் ஒரு மாணவன் என்ற முறையில் எனக்குச் சிறு வேறுபாடு உண்டு. கைத்தொழிலுக்கு இரண்டு ஆண்டுகள் போதுமாக இருக்கலாம். ஆனால் எங்கள் வீடு போன்ற வீடுகளிலிருந்து வருகிறவனுக்கு முதலாண்டு முழுவதும் வகுப்பில் பேசுவதற்கே போய்விடுகிறது. கேள்வி கேட்கும் துணிவு இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. அவருக்கு இயல்பாக வாய்த்த அந்தத் துணிவை எங்களில் பலர் கல்லூரியில்தான் பெறவேண்டியிருக்கிறது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் ஜி. டி. நாயுடு மறைந்தார். அவர் 1967ஆம் ஆண்டில் நிறுவிய தொழிற்பொருட்காட்சி கோவை அவினாசி சாலையில் உள்ளது. அதைக் காணும் நாளை எதிர்நோக்கியிருக்கிறேன்.

அப்பா காட்டிய பாடம்

இனி என் கதைக்கு வருகிறேன். அப்பா மதுரையிலிருந்து திரும்பி, மருத்துவர் சொன்ன நாட்கள் கழிந்ததும், அந்த வேனை வரச் சொல்லி அனுப்பினார். என்னை ஒரு வார்த்தையும் கடியவில்லை. தொட்டியைக் கழற்றி விளிம்பின்மேல் இரும்பு அளவுகோலை நிறுத்தி வைத்துக் காட்டினார். ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு மேடிட்டு, இரண்டு துளைகளுக்கு நடுவில் தாழ்ந்திருந்தது. நான் கொடுத்த பலம் தகட்டை வளைத்திருந்தது, தக்கையைப் பிளந்திருந்தது. துளைகளில் அளவுக்கு மேல் இறுக்கம். நடுவில் இறுக்கமே இல்லை. எண்ணெய் அந்த நடுவழியாகத்தான் வந்தது.

மேடுகளைப் பட்டைக்கல்மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன் செய்தார். இரண்டு பரப்புகளையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார். பெட்டியில் நாட்பட்டுக் கிடந்த பேக்கிங் உலர்ந்து சுருங்கி, துளைகள் பொருந்தாமல் இருந்தது. அதைச் சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் போட, அது பழைய அளவுக்கு வந்தது. தொட்டியின் பக்கம் மட்டும் பசை தடவி அதை ஒட்டினார். போல்ட்டுகளை முதலில் கையாலேயே முடுக்கினார். பின்பு குட்டை ஸ்பானரால், நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் மாறி மாறி, மூன்று சுற்றுகளாக முடுக்கினார். தக்கை சற்றே அமுங்கியதும் நிறுத்திவிட்டார். இயந்திரத்தை ஓட்டிச் சூடேற்றி, ஆறியபின் மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

அப்படியும் மறுவாரம் ஒரு துளி கசிவு தெரிந்தது. நான் ஸ்பானரை எடுத்தேன். அப்பா அதை வாங்கி வைத்துவிட்டு இயந்திரத்தின் மேற்புறத்தில் இருந்த பிரீதர் குழாயைக் கழற்றினார். உள்ளே கரிச்சேறு அடைத்திருந்தது. பிஸ்டனைத் தாண்டிச் சிறிதளவு புகை கீழே இறங்குவது எல்லா இயந்திரத்திலும் உண்டு. அது வெளியேற அந்தக் குழாய்தான் வழி. வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெயைப் பேக்கிங்கின் வழியே தள்ளும். அடியில் கசிந்ததற்கு நோய் மேலே இருந்தது. குழாயைச் சுத்தம் செய்தபின் தரை உலர்ந்தே இருந்தது.

இதைக் கண்டபோது என்னையே நான் கண்டேன். கல்லூரி என்னும் தொட்டி கசிகிறது என்று குற்றம் சொன்னேன். என் மூச்சுக்குழாய்தான் அடைபட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளாக வகுப்பில் பட்டறையைப் பற்றியும் பேசவில்லை. பட்டறையில் வகுப்பைப் பற்றியும் பேசவில்லை.

தக்கையின் உள்ளே

மறுநாள் பிளந்துபோன பழைய பேக்கிங்கில் ஒரு துண்டைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். அது தக்கைத் துகள்களைப் பிசினில் கலந்து அழுத்திச் செய்தது. ஒரு துகளிலிருந்து பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, ஆசிரியர் அனுமதியோடு நுண்ணோக்கியில் வைத்தேன். தேன்கூடு போல அறை அறையாகத் தெரிந்தது. 1665ஆம் ஆண்டு ராபர்ட் ஹூக் இதே தக்கையைப் பார்த்துத்தான் உயிரினங்களின் அறைகளுக்கு 'செல்' என்னும் பெயர் வைத்தார். முதலாண்டில் மனப்பாடம் செய்த அந்தச் செய்தி, எங்கள் பட்டறைக் குப்பையிலிருந்து வந்த துண்டில் அன்றுதான் எனக்கு உயிர் பெற்றது.

தக்கை என்பது மத்திய தரைக்கடல் நாடுகளில் வளரும் கார்க் ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்த்துக்கல் நாட்டிலிருந்து வருகிறது. மரத்தை வெட்டுவதில்லை; ஏறத்தாழ 25 வயதில் முதன்முறை பட்டையை உரித்து, பிறகு 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள். அதன் செல்கள் இறந்தவை. உள்ளே காற்று நிறைந்தவை. செல் சுவரில் சூபரின் என்னும் மெழுகுத் தன்மையுள்ள பொருள் இருப்பதால் நீரும் எண்ணெயும் எளிதில் ஊடுருவா.

கைப்பேசியில் படமெடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன். அறுவை முடிந்த கண்ணால் நெடுநேரம் பார்த்தார். பின்னர், தாம் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து விடை தெரியாமல் வைத்திருந்த ஒரு கேள்வியைக் கேட்டார். ரப்பரை அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குகிறது; தக்கையை அழுத்தினால் ஏன் பிதுங்குவதில்லை?

எனக்கு விடை தெரிந்திருந்தது. ரப்பருக்குள் வெற்றிடம் இல்லை. மேலிருந்து அழுத்தினால் அது பக்கத்தில் போகத்தான் வேண்டும். தக்கைக்குள் கோடிக்கணக்கான காற்றறைகள். அழுத்தும்போது அவற்றின் சுவர்கள் துருத்தி மடிவது போல உள்ளுக்குள் மடிகின்றன. அழுத்தம் நீங்கினால் மீண்டும் நிமிர்கின்றன. அளவுக்கு மீறி அழுத்தினால் சுவர்கள் நொறுங்கிவிடுகின்றன, பிறகு நிமிர்வதில்லை. அந்த இரவு நான் செய்தது அதைத்தான்.

அப்பா பதிலேதும் சொல்லவில்லை. அடுத்து வந்த டிராக்டரின் சம்ப்பைக் கழற்றியபோது குட்டை ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் நடுவிலிருந்து தொடங்கினேன்.

படிப்பை நிறுத்தும் பேச்சை நான் எடுக்கவே இல்லை. மூன்றாம் ஆண்டையும் முடிப்பேன். விடுமுறை நாட்களில் பட்டறையில் நிற்பேன். ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை எனக்குச் சொன்னது பள்ளியை விடு என்பதன்று. கேள்வியை விடாதே என்பதே. வாசக நண்பர்களில் என்னைப் போல் பட்டறையிலிருந்தோ தறியிலிருந்தோ வயலிலிருந்தோ வந்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டுத் தொழிலில் விடை தெரியாத ஒரு கேள்வியை அடுத்த வாரம் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். வகுப்பில் கிடைத்த விடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அம்மேதைக்கு நாம் செய்யும் நினைவு அதுவாகட்டும்.